கோவையிலிருந்து நாக்பூருக்கு: முழு லாரி லோடு அனுப்புவது எப்படி?

கோவையில் பம்பும் கிரைண்டரும் செய்யும் சிறு பட்டறைக்கு நாக்பூரிலிருந்து முதல் பெரிய ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்சல் சர்வீஸில் பத்துப் பெட்டி போட்டுப் பழகியவருக்கு முழு லாரி பிடிப்பது புது வேலை. தூரம் சுமார் 1,400 கி.மீ. சேலம் வரை தேசிய நெடுஞ்சாலை 544, அங்கிருந்து பெங்களூரு, ஹைதராபாத் வழியாக நாக்பூர் வரை நெடுஞ்சாலை 44. சாலையில் குறையில்லை.

லாரி ஓடும்வரை பணம் வீணாவதில்லை, நிற்கும்போதுதான் வீணாகிறது. எடை கூடினால் எடைமேடையில் நிற்கும். பேப்பர் தவறினால் சோதனையில் நிற்கும். இறக்க ஆளில்லாவிட்டால் குடோன் வாசலில் நிற்கும். இந்தக் காரணங்களை வண்டி புறப்படும் முன்பே ஒவ்வொன்றாக அடைத்துவிடுவதுதான் திட்டமிடல்.

1. எடையோடு இடத்தையும் கணக்கிடுங்கள்

ஒரு பம்பு பெட்டி 20 கிலோ, ஒன்றரை அடிக்கு ஓரடிக்கு ஓரடி என்று கொள்வோம். ஒன்றரை கன அடி ஆகிறது. ஆர்டர் 600 பெட்டி என்றால் 12 டன், 900 கன அடி.

ஆறு சக்கர லாரிக்கு வண்டி எடையும் சேர்த்துச் சட்டம் அனுமதிப்பது அதிகபட்சம் 18.5 டன். வண்டி எடையைக் கழித்தால் 12 டன்னை நம்பி ஏற்ற முடியாது. பத்துச் சக்கர டாரஸுக்கு மொத்த வரம்பு 28.5 டன், சரக்கு ஏறத்தாழ 18 டன் ஏறும். 24 அடி நீளம், 8 அடி அகலப் பாடியில் 7 அடி உயரம் அடுக்கினால் 1,344 கன அடி. 800 பெட்டி, அதாவது 16 டன், தாராளமாக அடங்கும்.

டாரஸ் வாடகை 80,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால், 600 பெட்டி போகும்போது பெட்டிக்கு 133 ரூபாய் விழும், 800 போகும்போது 100 ரூபாய்தான். ஆகவே வாங்குபவரிடம் பேசி 800 ஆக்குங்கள். முடியாவிட்டால் 500 ஆகக் குறைத்து ஆறு சக்கர வண்டி பிடியுங்கள். நடுவில் நிற்கும் அளவுதான் நஷ்டம்.

‘ஒரு டன்தானே’ என்று கூடுதலாக ஏற்றாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பின் அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அதிகப்படி சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகரும்.

2. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சரக்கு என்றைக்குச் சேர வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரே டிரைவர் ஓட்டும் வண்டி, உணவும் தூக்கமும் போக, நாளுக்கு 400 கி.மீ. போவது நியாயமான கணக்கு. வியாழன் மாலை கோவையில் கிளம்பினால் திங்கள் காலை நாக்பூரில் நிற்கும். சனி இரவு சேரும்படி ஏற்றினால் ஞாயிறு விடுமுறையில் ஒரு நாள் ஹால்ட்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான கட்டணம்) விழும்.

ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் நாட்களில் டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரங்களில் வண்டி கிடைப்பதே அரிது. முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

3. வாடகை பேசுங்கள், பேசியதை எழுதுங்கள்

வாடகை தூரத்தை மட்டும் பார்த்து அமைவதில்லை. நாக்பூரிலிருந்து திரும்பி வர லோடு கிடைக்குமா என்பதுதான் லாரிக்காரரின் முதல் கேள்வி. ஆரஞ்சு சீசனில் அங்கிருந்து தெற்கே சரக்கு வரும், அப்போது வாடகையில் பேச இடமுண்டு. கோவை புக்கிங் ஆபீஸ்களோடு லாரித் தொழில் ஊர்களான நாமக்கல், சங்ககிரி பக்கமும் விசாரியுங்கள். மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள். மற்றதைவிட மிகக் குறைவாக ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாடகையோடு இவற்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்: டோல் யார் செலவு, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யார் தருவது, அட்வான்ஸ் எவ்வளவு, பாலன்ஸ் எப்போது, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு ஹால்ட்டிங், அது நாளுக்கு எவ்வளவு, வழியில் வண்டி மாற்றலாமா. கடைசிச் சச்சரவுகள் பெரும்பாலும் இந்த ஏழில் ஒன்றில்தான் முளைக்கின்றன.

4. வண்டியையும் தார்ப்பாயையும் பாருங்கள்

வண்டி எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் போட்டால் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் காலாவதி தெரியும். நேஷனல் பர்மிட் இருக்கிறதா பாருங்கள். டிரைவர் லைசென்ஸைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாடித் தரையில் ஆணி நீட்டியிருக்கிறதா, முந்தைய லோடின் எண்ணெயோ ரசாயனமோ ஒட்டியிருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். தார்ப்பாயை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரிந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, நாக்பூர் இருக்கும் விதர்ப்பாவில் பருவமழை. அந்த மாதங்களில் இரண்டு தார்ப்பாய் கேட்டு வாங்குங்கள்.

5. சரக்குக்குத் தனி இன்சூரன்ஸ்

லாரிக்காரரின் இன்சூரன்ஸ் அவர் வண்டிக்கானது. உங்கள் பெட்டிகளை அது காக்காது. சாலைவழிச் சரக்குச் சட்டமும் (2007), அதன் கீழ் வந்த 2011 விதிகளும் சரக்குக்கு அதிக மதிப்பு அறிவித்து ஏற்பாடு செய்யாதபோது டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் பொறுப்பை வாடகையின் பத்து மடங்கோடு நிறுத்துகின்றன. 80,000 ரூபாய் வாடகைக்கு 8 லட்சம். பம்பு 4,000 ரூபாய் என்றால் 800 பம்பின் மதிப்பு 32 லட்சம். இடையில் இருக்கும் 24 லட்சம் உங்கள் தலையில்.

டிரான்சிட் இன்சூரன்ஸில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. ‘சி’ தீக்கும் இடிக்கும் மட்டும். ‘பி’யில் மோதல், கவிழ்தல், பாலம் உடைதல் சேரும். திருட்டும் பெட்டி குறைவதும் ‘ஏ’ வகையில்தான் வரும். நெடுந்தூரத்துக்கு ‘ஏ’ எடுங்கள். வண்டி நகரும் முன் பாலிசி கையில் இருக்க வேண்டும்.

6. பேப்பர்கள்

இன்வாய்ஸ் மூன்று படி: மூலம் வாங்குபவருக்கு, இரண்டாம் படி லாரியோடு, மூன்றாவது உங்களுக்கு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் இ-இன்வாய்ஸ் கட்டாயம்.

சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் கடக்க இ-வே பில் வேண்டும். பார்ட் ஏ-யில் சரக்கு விவரம், பார்ட் பி-யில் வண்டி எண். பார்ட் பி போட்ட நேரத்திலிருந்துதான் ஆயுள் ஓடத் தொடங்கும். ஆகவே லோடு ஏறி முடியும் தருவாயில் போடுங்கள். 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது கணக்கு. 1,400 கி.மீ.க்கு 7 நாள், அதற்கு மேல் சிறிது கூடினாலும் 8. வழியில் வண்டி பழுதாகிச் சரக்கு மாறினால் புது வண்டி எண்ணைப் பார்ட் பி-யில் ஏற்றிய பிறகே கிளம்ப வேண்டும். காலம் முடிய எட்டு மணி நேரம் முன்போ, முடிந்து எட்டு மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்கலாம். தவறவிட்டுப் பிடிபட்டால் வரிக்கு இரு மடங்கு அபராதம் வரை போகும்.

டிரான்ஸ்போர்ட்காரர் தரும் எல்.ஆர். எனும் லாரி ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். பெட்டி எண்ணிக்கை, எடை, மதிப்பு, இன்வாய்ஸ் எண், பெறுபவர் முகவரி, வாடகை ‘பெய்டு’வா (முன்பே கொடுத்தது) ‘டூ பே’யா (பெறுபவர் கொடுப்பது) எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ‘ஓனர் ரிஸ்க்’ என்று அச்சடித்திருந்தால் அங்கே ஓனர் என்பது சரக்குக்காரரான நீங்கள்தான்.

7. ஏற்றும் நாள்

வண்டி வரும் முன் பெட்டிகள் பேக்காகி, எண்ணப்பட்டு, வாசலுக்கு அருகே இருக்கட்டும். வெறும் வண்டியை எடை போட்டு, ஏற்றியபின் அதே எடைமேடையில் மறுபடி போட்டு, இரண்டு சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கனமானது அடியில், லேசானது மேலே. எடை பின்பக்கமே குவியாமல் பரவலாக இருக்கட்டும். இடைவெளியை அட்டையாலோ வைக்கோலாலோ அடையுங்கள். 1,400 கி.மீ. குலுங்கும்போது ஒரு சாண் இடைவெளி போதும், வரிசையே சரிந்துவிடும். உங்கள் ஆள் ஒருவர் பெட்டிகளை எண்ணி எழுத, டிரைவர் அதில் கையெழுத்திடட்டும். கயிறு கட்டி முடிந்ததும் நான்கு பக்கமும் படம் எடுங்கள்.

8. வழியில்

பெங்களூரு, ஹைதராபாத் நகருக்குள் பகலில் கனரக வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒசூரிலிருந்து சர்ஜாபூர், ஒசகோட்டை, தேவனஹள்ளி வழியாக பெங்களூருவைச் சுற்றிக் கடக்கலாம். ஹைதராபாத்தில் 158 கி.மீ. வெளிவட்டச் சாலை இருக்கிறது. ஃபாஸ்டேகில் போதிய பணம் இருக்கிறதா என்று கிளம்பும்போதே கேளுங்கள்.

டிரைவரோடு காலை ஒரு போன், மாலை ஒரு போன் என்று முதலிலேயே பேசி வையுங்கள். ‘எங்கே அண்ணா வந்திருக்கீங்க?’ என்று கேட்டால் போதும். மணிக்கொரு முறை அழைத்து விரட்டாதீர்கள். ஓட்டும்போது போன் எடுப்பதும் தூக்கத்தை விழுங்கி ஓட்டுவதும் விபத்தில் முடியும். உங்கள் அவசரத்துக்காக ஓர் இரவு அவர் தூங்காமல் ஓட்டக்கூடாது.

9. இறக்கி முடிக்கும்வரை

வண்டி ஹைதராபாத்தைக் கடந்ததும் நாக்பூர்காரருக்குச் சொல்லுங்கள். இறக்கும் ஆட்கள், குடோன் சாவி, வண்டி திரும்ப இடம் மூன்றும் தயாராக இருக்கட்டும். பெட்டி குறைந்தாலும் நனைந்தாலும் எல்.ஆர். படியிலேயே எண்ணிக்கையோடு எழுதி, டிரைவர் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். உடனே இன்சூரன்ஸுக்குத் தகவல் தந்து சர்வேயரைக் கேளுங்கள். டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் மீது வழக்குப் போடும் நிலை வந்தால், சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

முத்திரையிட்ட எல்.ஆர். படி கைக்கு வந்ததும் பாலன்ஸை அன்றே கொடுத்துவிடுங்கள். டிரான்ஸ்போர்ட்காரர் பில்லில் ஜி.எஸ்.டி. போடாதபோது 5% வரியை வாடகை தரும் பதிவுபெற்ற நிறுவனமே கட்டவேண்டி வரும். அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீசலுக்கும் டயருக்கும் கடன் சொல்லி ஓடும் தொழில் இது. பேசிய பணத்தைப் பேசிய நாளில் கொடுக்கும் சரக்குக்காரர் பெயர் புக்கிங் ஆபீஸ்களில் சீக்கிரம் பரவும். வண்டி கிடைக்காத ஆயுத பூஜை வாரத்திலும் அவருக்கு லாரி வரும். அந்தப் பெயரை முதல் லோடிலேயே சம்பாதித்துவிடுங்கள்.