உழைத்த ஆண்டுகளும் நிரந்தரவாச உரிமையும்

ரப்பர்த் தோட்டமாயினும் தேயிலைத் தோட்டமாயினும், லயத்து மக்களிடையே சிவப்புக் கார்டு, நீலக் கார்டு என்னும் பேச்சு எழாத நாள் குறைவு. நீல அடையாளக் கார்டு பிரஜைக்குரியது. சிவப்புக் கார்டு நிரந்தரவாசிக்குரியது. பச்சைக் கார்டு தற்காலிகவாசிக்குரியது. இவ்வளவும் பலர் அறிந்ததே. ஆயின், "முப்பது ஆண்டு இம்மண்ணில் உழைத்தேனே, அந்த உழைப்பே எனக்கு உரிமையைப் பெற்றுத் தராதா?" என்று முதியவர் ஒருவர் கேட்டால் விடை கூறத் தயங்குவோர் பலர். அக்கேள்வியை இவ்விதழில் ஆராய்வோம்.

உழைப்பை அளவுகோலாகக் கொண்ட சட்டங்கள் உலகில் இல்லாமலில்லை. பிரிட்டனில் பூர்வீக விசா என ஒன்று 1973 முதல் நடைமுறையில் இருந்து வந்துள்ளது. காமன்வெல்த் நாட்டுப் பிரஜை ஒருவர், தம் பாட்டனாரோ பாட்டியாரோ பிரிட்டனில் பிறந்தவர் என்பதைப் பத்திரம் காட்டி மெய்ப்பிக்க வேண்டும்; அங்கே வேலை செய்யும் ஆற்றலும் எண்ணமும் உடையவராயிருக்க வேண்டும். நெடுங்காலமாக இருந்துவந்த விதிப்படி, ஐந்தாண்டு இவ்வாறு வாழ்ந்தபின் நிரந்தரவாசம் கோரலாம். அதாவது, நம் நாட்டில் தோட்டம் நடத்திய துரையின் பேரன் தாயகம் திரும்ப விரும்பினால், பாட்டனார் பிறந்த ஊரும் தம் உழைப்பும் அவனுக்கு வழி திறந்தன.

அதே துரைமாரின் ஆட்சியில் தேயிலை கொய்த நம்மவர் நிலை வேறு. இலங்கை மலைநாட்டை நோக்குக. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அங்கே பூர்வீகத்தைக் கேட்டது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தை வழிப் பாட்டனாரும் பூட்டனாரும் அங்குப் பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்தில் பூட்டனாரின் பத்திரத்திற்கு எங்கே போவது? அடுத்து வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கென இயற்றப்பட்டது. அது 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர்க்கு ஏழாண்டு, மணமாகாதவர்க்குப் பத்தாண்டு இடையறாத வாசத்தையும், போதிய வருமானம் அல்லது தகுந்த தொழிலையும் கேட்டது. ஒரே பயணத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் ஊரில் தங்கியவருக்கு 'இடையறாத' என்னும் சொல்லே இடையூறாயிற்று. ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக மனுக்கள் சென்றன. உரிமை பெற்றோர் சுமார் 134,000 பேரே. எஞ்சியோர் பிரச்சினை 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வரை நீண்டது. 2003இல் இயற்றப்பட்ட சட்டமே, 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும், வருமானக் கணக்கு எதுவும் கேளாமல் உரிமை வழங்கியது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்கே அரசமைப்புச் சட்டம் உழைத்த ஆண்டுகளை எண்ணுவதில்லை. வாழ்ந்த ஆண்டுகளையே எண்ணுகிறது. இரண்டும் ஒன்றுதானே என நினைத்தல் தவறு.

விளக்கத்திற்காக லெம்பா பெர்த்தாமில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பகாங்கில், கேமரன் மலையில், ரிங்லெட் பட்டணத்தை அடுத்துப் பெர்த்தாம் ஆற்றை ஒட்டியிருக்கிறது அவ்வூர். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தை நிறுவியதிலிருந்து அம்மலைப் பகுதியில் தேயிலை பெருகிற்று. தமிழ்த் தொழிலாளரும் குடியேறினர். நம் குடும்பத்துப் பாட்டனார் 1934இல் சேலத்திலிருந்து வந்தவர் என்க. (தோட்ட வேலைக்கு உதவி பெற்று ஆட்கள் வருவதை இந்திய அரசாங்கம் 1938இல் தடை செய்தது.) மகன் 1940இல் தோட்டத்திலேயே பிறந்தவர். மருமகள் 1950இல் கப்பலில் வந்தவர்.

பாட்டனாருக்கு 1948ஆம் ஆண்டுக் கூட்டரசு ஒப்பந்தத்தின்கீழ் வாய்ப்பு இருந்ததா? வெளிநாட்டில் பிறந்தவர் முந்திய இருபதாண்டில் பதினைந்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அவருக்கோ பதினான்கு ஆண்டுதான். 1957 ஆகஸ்டு 31இல் மெர்டேகா வந்தபோது விதி தளர்ந்தது. பன்னிரண்டில் எட்டாண்டு போதுமாயிற்று. அப்போது மனுச்செய்தவர் பயனடைந்தார். "நாளைக்குப் பார்த்துக்கொள்வோம்" என்று இருந்தவர், பின்னர் 19ஆவது விதியின்படியே இயல்புரிமை கோர வேண்டியவரானார். 21 வயது, முந்திய பன்னிரண்டாண்டில் பத்தாண்டு வாசம், நன்னடத்தை, மலாய்மொழியில் போதிய அறிவு ஆகியவை அதற்கு வேண்டும்.

நாட்டில் பிறந்த மகனுக்குக் கணக்கு எளிது. மெர்டேகாவுக்கு முன் பிறந்தவர் 18 வயதடைந்து, ஏழாண்டில் ஐந்தாண்டு வாழ்ந்து, எளிய மலாய் அறிந்திருந்தால் 16ஆவது விதியின்கீழ்ப் பதிந்துகொள்ளலாம். மகன் பிரஜையாகிவிட்டால், மருமகள் 15ஆவது விதியின்படி இரண்டாண்டு வாசமும் நன்னடத்தையும் காட்டினாற் போதும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆறு மாதத்திற்குக் குறைந்த காலம் ஊருக்குப் போய்வந்தால் வாசக் கணக்கு குலைவதில்லை. ஆனால் குடிநுழைவுச் சட்டத்தின்கீழ்த் தற்காலிகப் பாஸில் தங்கிய காலம், அமைச்சரின் இசைவின்றி வாசமாகக் கொள்ளப்படுவதில்லை. இன்று பல தோட்டங்களில் தற்காலிக வேலைப் பாஸில் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் எத்தனை ஆண்டு கொழுந்து பறித்தாலும், பால்மரம் வெட்டினாலும், அவ்வாண்டுகள் இக்கணக்கில் தாமாகச் சேரா.

உழைப்புக்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பு தலைகீழாக நின்ற காலமும் நம் நினைவிலுண்டு. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, பிரஜையல்லாதார் வேலை பெர்மிட் பெற வேண்டியவராயினர். பிறநாடுகளில் வேலை செய்து உரிமை பெற்றார்கள் என்றால், இங்கே உரிமை இருந்தால்தான் வேலை என்றாயிற்று. சிவப்புக் கார்டுடன் பல்லாண்டு பால்மரம் வெட்டியவர்களும் திகைத்தனர். பல்லாயிரவர் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினமும் சென்னையும் போய்ச் சேர்ந்தனர். அவர்களுள் 1957இல் மனுச்செய்யத் தகுதி பெற்றிருந்தும் செய்யாதிருந்தோர் பலர் என்பது வருத்தத்திற்குரியது. கிராணியிடம் ஒரு பாரம் எழுதி வாங்க அரைநாள் வேலையை விட வேண்டியிருந்ததே அதற்குப் பெரிய தடை என்றால் இளைஞர் இன்று நம்பமாட்டார்.

பிற்காலத்தில் அரசாங்கம் சில ஏற்பாடுகளைச் செய்தது. 2011இல் மைடஃப்தார் இயக்கத்தின்வழி ஆவணமற்ற இந்தியர்களின் மனுக்கள் பெறப்பட்டன. 2018இல், அறுபது வயதைக் கடந்த சிவப்புக் கார்டு இந்தியர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

நம் கற்பனைக் குடும்பத்தின் பேரனை மறந்துவிடலாகாது. இன்றைய சிக்கல் அவனிடம்தான் தொடங்குகிறது. 1962 அக்டோபர் முதல், நாட்டில் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்னும் விதி வந்தது. பேரன் நீலக் கார்டுடையவன். 1990களில் கோயிலில் தாலி கட்டினான், விருந்தும் வைத்தான். திருமணத்தைப் பதியவில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிமல்லாதார் திருமணம் சட்டப்படி பதியப்பட வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த குழந்தை தாயின் நிலையையே பின்பற்றும். தாய்க்கு ஆவணம் இல்லையெனில், தந்தையின் நீலக் கார்டு குழந்தைக்குப் பயன்படாது. மூன்று தலைமுறை உழைத்த மண்ணில், நான்காம் தலைமுறைப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் பத்திரமின்றி நிற்பது பெரும்பாலும் இவ்வாறுதான். பெற்றோர் பின்னர் திருமணத்தைப் பதிந்துகொண்டாலும், அதற்குமுன் பிறந்துவிட்ட பிள்ளையின் நிலை உடனே மாறுவதில்லை; தனி மனு வேண்டும்.

ஆகவே, திருமணத்தைக் குழந்தை பிறக்குமுன்பே தேசியப் பதிவிலாகாவில் பதிக. பிறப்பை அறுபது நாளுக்குள் பதிக. 2024 அக்டோபரில் நாடாளுமன்றம் பிரஜாவுரிமை விதிகள் சிலவற்றைத் திருத்தும் மசோதாவை நிறைவேற்றியுள்ளது. ஆதலால் மனுச்செய்யுமுன் இன்றைய விதியை இலாகாக் கிளையில் நேரிற் கேட்டறிவதே முறை. பழைய துண்டுப் பிரசுரத்தை நம்ப வேண்டா.

சட்டம் உழைப்பை எண்ணாவிடினும், உழைப்பின் பதிவுகள் வாசத்திற்குச் சான்றாகும். 1951இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதியின் கணக்கறிக்கை, எந்த ஆண்டில் எந்த முதலாளியிடம் இருந்தோம் என்பதைக் காட்டும். தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, தொழிற்சங்க அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவையும் துணைசெய்யும். இவற்றுள் எளிதில் அழிவது தோட்ட ஆபீஸிலுள்ள செக்ரோல் புத்தகமே. தோட்டம் கைமாறும்போதும் துண்டாடப்படும்போதும் பழைய புத்தகங்கள் முதலில் குப்பைக்குப் போகின்றன. தோட்டம் விற்கப்படும் என்னும் பேச்சு எழுந்தவுடனே, வேலை செய்த ஆண்டுகளைக் குறித்து நிர்வாகத்தின் முத்திரையிட்ட கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய முதலாளி வந்தபின் அதை எழுதித்தர ஆளிருக்காது.