கைப்பிடியின் இறுக்கம்

இடுக்கி மாவட்டத்தில் தேக்கடி ஏரி உள்ளது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தது. தேங்கிய நீரில் காடு மூழ்கியது. பட்ட மரங்கள் இன்றும் ஏரியில் நிற்கின்றன. சில கட்டைகள் நீருக்குள் மறைந்திருக்கும்.

இப்படிப்பட்ட நீரில் படகைச் சட்டென்று திருப்ப வேண்டிவரும். சிறு படகின் பின்னால் மாட்டும் மோட்டாருக்குக் கைப்பிடி உண்டு. அதை அசைத்தால் படகு திரும்பும்.

கைப்பிடி தளர்ந்திருந்தால் என்ன ஆகும்? கை நழுவியதும் மோட்டார் தானே ஒரு பக்கம் திரும்பும். படகு சுழலும். ஆட்கள் நீரில் விழலாம். மிகவும் இறுகியிருந்தால்? அவசரத்தில் படகு திரும்பாது. கட்டையில் மோதும்.

இறுக்கத்தைச் சரிசெய்ய மோட்டாரில் ஒரு திருகாணி உண்டு. சில மோட்டார்களில் சிறு நெம்புகோல் இருக்கும்.

முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். திருகாணியை வலப்பக்கம் திருகினால் இறுகும். இடப்பக்கம் திருகினால் தளரும். சிறிது சிறிதாகத் திருகுங்கள். கைப்பிடியை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். எளிதாகத் திரும்ப வேண்டும். ஆனால் லேசான பிடிப்பு இருக்க வேண்டும்.

திருகாணியைத் தளர்த்தியும் கைப்பிடி திரும்பவில்லையா? உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கையை எடுத்துவிடலாம் என்று திருகாணியை முழுவதும் இறுக்காதீர்கள். படகு ஓடும்போது கை கைப்பிடியிலேயே இருக்கட்டும்.