கம்ப்யூட்டர் பல் கட்டுவதில்லை

"கம்ப்யூட்டர் ஆபரேஷன்தானே டாக்டர், தப்பே வராதாமே?"

வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். பல் எல்லாம் போனவர்களுக்கு இம்ப்ளான்ட் வைத்து முழு வரிசையும் கட்டும் சிகிச்சை பற்றிச் சுற்றும் பேச்சுகளில் மிக மோசமானது இதுதான். தப்பே வராது என்று நம்புகிறவர், கேட்க வேண்டிய எதையும் கேட்பதில்லை.

நடப்பது இது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனைத் திரையில் வைத்துக்கொண்டு, இம்ப்ளான்ட் திருகு எங்கே, எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று குறிக்கிறோம். அதன்படி ஒரு 'கைடு' அச்சாகி வருகிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் உலோக வளையம் வைத்த துளைகள். அதை ஈறின் மேல் பொருத்தி, துளை வழியே டிரில் செய்வது மருத்துவரின் கை.

2018-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, கைடு வைத்துச் செய்தாலும் திருகு நுழையும் இடத்தில் சராசரியாக 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ. விலகுகிறது. அதனால்தான் கீழ்த்தாடை நரம்புக்கு 2 மி.மீ. தள்ளியே நிறுத்துகிறோம். பல்லில்லாத வாயில் கைடு உட்காருவது மெத்தென்ற ஈறில். கொஞ்சம் நகர்ந்தாலும் எல்லாத் திருகும் சேர்ந்து நகரும். தட்டு மறைப்பதால் டிரிலைக் குளிர்விக்கும் தண்ணீரும் எலும்புக்குச் சரியாகப் போகாது. 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு சேதமாகும். இதையெல்லாம் கவனிப்பது கம்ப்யூட்டர் அல்ல.

1965-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இம்ப்ளான்ட் முன்னோடி பிரானமார்க் தம் முதல் நோயாளிக்குக் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியம் திருகுகள் வைத்தார். கம்ப்யூட்டர் கைடு எதுவும் கிடையாது. 2006-ல் அந்த நோயாளி இறக்கும்வரை அவை நிலைத்தன.

கைடால் பயனில்லை என்று சொல்லவில்லை. ஈறைத் திறக்காமலே செய்ய முடிந்தால் முதல் சில நாள் வலியும் வீக்கமும் குறைவு. ஆனால் ஒரு வருடம் கழித்து என் நோயாளிகள் சந்தோஷமாகச் சொல்வது முறுக்கு கடிக்க முடிவதைப் பற்றித்தான்.

இதுபோல் சுற்றும் மற்ற பேச்சுகள்:

'ஒரே நாளில் நிரந்தரப் பல்.' அன்று மாட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல். எலும்பு திருகைப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

'சர்க்கரை இருந்தால் கூடாது.' கட்டுப்பாட்டில் இருந்தால் செய்யலாம். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுங்கள்.

'மேல்தாடையில் கைவைத்தால் கண் போகும்.' பல்லுக்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை.

'டைட்டானியம் சொத்தையாகாது, தேய்க்க வேண்டாம்.' இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். திருகு சொத்தையாகாது, ஆனால் தேய்க்காவிட்டால் சுற்றியுள்ள ஈறு சீழ் வைக்கும், எலும்பு கரையும். பல்வரிசைக்கு அடியில் தினமும் சின்ன பிரஷ் நுழைய வேண்டும். இப்போதெல்லாம் நான் கைடைக் காட்டுவதற்கு முன்னால் அந்த பிரஷைக் கையில் கொடுத்துவிடுகிறேன். மாதிரிப் பல்வரிசையின் அடியில் அதை விட்டுத் தேய்த்துக் காட்டிய பிறகுதான் ஆபரேஷன் தேதி.