நீளும் கையும் காலும்

கார்ட்டூன் பூனையின் கை ரப்பராய் நீள்கிறது. நம் லாலாகுடா வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இப்படி ஒன்றை அளவுக்கு மீறிப் பெருக்கிச் சொல்வதைத் தமிழ் இலக்கணம் உயர்வு நவிற்சி அணி என்கிறது.

இராமாயணக் கவந்தனுக்கும் நீண்ட கைதான். தலை இல்லை, வயிற்றிலே வாய். இருந்த இடத்தில் இருந்தபடியே, யோசனைத் தூரம் நீளும் கைகளால் அகப்பட்டதை வாரி விழுங்குவான். இராமனும் இலக்குவனும் ஆளுக்கொரு கையாக வெட்டினார்கள். அங்கே சிரிப்பா வருகிறது?

விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி' (1978) தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த படம். அதில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைக்கும். பேய்தான், ஆனாலும் சிரிக்கிறோம். ஏன்? அது ஆளைப் பிடிக்கவில்லை, அடுக்களை வேலை பார்க்கிறது! காலும் வேகவில்லை. கார்ட்டூனிலும் இழுபட்ட கை மறுகணமே பழையபடி ஆகிவிடும். வலி தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். (தம்பியின் கையை இழுத்துப் பார்க்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதை எடுத்துச் சொல்க.)

பயிற்சி: 'அவனுக்குக் கை நீளம்' என்பதன் பொருள் என்ன? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுக.