ஒடுங்கிய ஆறு

குன்னூர்

அன்புள்ள தம்பி,

உதகை ஏரிக்கரையில் நீ கேட்டது மனசை விட்டுப் போகவில்லை. கேம்பிரிட்ஜ் கல்லூரிப் படகுகள் ஒன்றையொன்று துரத்திப்போய் இடிப்பது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுத்தனம்தானே என்றாய். இல்லை, அதற்குக் காரணம் ஆறு.

கேம் நதி ஒடுக்கமானது. எட்டுப் பேர் தண்டு வலிக்கும் படகுகள் அங்கே பக்கம் பக்கமாகப் போட்டியிட முடியாது. அதனால் ஒன்றரைப் படகு நீள இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தி, பீரங்கி வெடித்ததும் துரத்த விட்டார்கள். முன்படகை இடித்துவிட்டால் மறுநாள் அதன் இடம் உனக்கு. இப்படி நான்கு நாள். ஒரு கல்லூரி இந்த ஆண்டு எந்த இடத்தில் முடிக்கிறதோ, அடுத்த ஆண்டு அங்கிருந்தே தொடங்கும். புதிதாகச் சேரும் மாணவன், தான் கண்டிராத மூத்தவர்கள் வென்றதும் தோற்றதுமான இடத்தில் உட்கார்ந்து தண்டைப் பிடிக்கிறான். ஒரு கழகத்துக்கு இதைவிட உயிருள்ள வரலாற்றேடு வேறென்ன வேண்டும்? ஆக்ஸ்போர்டில் இந்தத் துரத்தல் 1815இல் தொடங்கியது, கேம்பிரிட்ஜில் 1827இல். கேம்பிரிட்ஜின் 'மே' போட்டி இப்போது ஜூனில்தான் நடக்கிறது; பெயரை மட்டும் மாற்றவில்லை.

இரு பல்கலைக்கழகங்களும் நேருக்கு நேர் மோத அகன்ற நீர் தேவைப்பட்டது. 1829 ஜூன் 10 அன்று, தேம்ஸ் நதியில், ஹென்லியில் மோதின. ஆக்ஸ்போர்டு வென்றது. அந்தப் போட்டிக்கு வித்திட்டவர்கள் ஹாரோ பள்ளித் தோழர்கள் இருவர். ஒருவர் சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த், அதே பெயர்கொண்ட கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன். மற்றவர் சார்லஸ் மெரிவேல், பின்னாளில் ரோமப் பேரரசின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர். அவற்றைப் புரட்டும்போதெல்லாம், இதை எழுதிய கை கேம்பிரிட்ஜுக்காகத் தண்டு வலித்த கை என்ற நினைப்பு வரும்.

'தண்டு' என்று எழுதுவதைக் கவனி. படகில் பூட்டி, போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வலிப்பது தண்டு. கையில் தூக்கிப் பிடித்து, முன்னோக்கி உட்கார்ந்து போடுவது துடுப்பு. ஆலப்புழையின் பாம்புப் படகில் இருப்பது துடுப்பு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் ஒருநாளாவது கரையில் நின்று பார்க்க வேண்டும்!

சென்னையில் படிக்கப் போகிறாய். அங்கே அடையாற்றில் மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது, 1867இல் தொடங்கியது. கொழும்புக் கழகம் அதற்கும் மூத்தது, 1864. இரண்டுக்கும் இடையே 1898 முதல் போட்டி உண்டு. பல்கலைக்கழகத்தைச் சேராத கழகங்கள்தான். ஆனால் தண்டு வலிக்கக் கற்க அதுவே இடம்.

உன் இன்னொரு கேள்வி, உதகையில் ஏன் இப்படியொரு போட்டி இல்லை என்பது. ஜான் சல்லிவன் 1820களில் உண்டாக்கிய ஏரி, குதிரைப் பந்தய மைதானத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடம் விட்டுச் சுருங்கிவிட்டது. ஒலிம்பிக் போட்டிக்கு வழக்கமாக 2000 மீட்டர் நேர்நீர் வேண்டும். வளைந்து போகும் இந்த ஏரியில் அது கிடையாது. ஆனால் தம்பி, துரத்திப் பிடிக்க நேர்நீர் எதற்கு?

அன்புடன்,
உன் ஆசிரியர்