பார வண்டிக்கு எஞ்சின் தெரிந்தெடுத்தல்

அலங்காநல்லூர் வாடிவாசலில் சீறிப் பாயும் காளையைக் கமலையில் பூட்டும் குடியானவர் எவருமிலர். மாட்டின் விஷயத்தில் இவ்வளவு விவேகம் காட்டும் நாம், மோட்டார் வண்டியின் விஷயத்தில் மட்டும் "குதிரைசக்தி எத்தனை?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். பழைய அமெரிக்கப் பார வண்டியைச் செப்பனிட்டு வைத்திருக்கும் மிராசுதார்களும், வாங்க எண்ணுவோரும் இதனைச் சற்று ஆராய்தல் நலம்.

மதுரைச் சீமைக்கு மோட்டார் புதிதன்று. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912ஆம் வருஷத்திலேயே மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். 1928 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் பம்பாயில் ஷெவர்லே வண்டிகளைப் பூட்டி விற்கலாயினர். போர்டு கம்பெனியாரும் இந்தியாவில் அவ்வாறே செய்தனர்.

1948இல் வெளிவந்த போர்டு எப்-1 என்னும் அரை டன் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதற்கு இருவகை எஞ்சின்கள் உண்டு. ஒன்று 226 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், 95 குதிரைசக்தி. மற்றது 239 கன அங்குல வி-8, 100 குதிரைசக்தி. வி-8 உயர்ந்தது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அச்சைத் திருகும் பலம் இரண்டிற்கும் ஒன்றே. அதாவது 180 ராத்தல்-அடி. ஆறு சிலிண்டர் எஞ்சின் அப்பலத்தை நிமிஷத்திற்கு 1,200 சுற்றிலேயே தந்துவிடும். வி-8 எஞ்சினோ 2,000 சுற்றை எட்டவேண்டும். குதிரைசக்தி என்பது பலத்தையும் வேகத்தையும் பெருக்கிய கணக்கு. ஆகவே விரைந்து சுழலும் எஞ்சினுக்கு எண் பெரிதாகத் தோன்றும். மேலூர்ப் பக்கத்து வயல் வரப்பில் நெல் மூட்டைகளோடு சேற்றிலிருந்து மெல்ல ஏறும் வண்டிக்கு அந்த அதிகப்படி ஐந்து குதிரையால் யாது பயன்?

வெப்பமும் கவனிக்கத்தக்கது. அந்த வி-8 எஞ்சினில் எரிந்த புகை, சிலிண்டர்களைச் சூழ்ந்த நீரறைகளின் ஊடே சென்றே வெளியேறும். அவ்வழியே நீர் மிகுதியாய்ச் சூடேறும். சித்திரை வெயிலில் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகையில் ரேடியேட்டர் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஷெவர்லேயின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினில் இக்குறை இல்லை. ஆனால் அதன் கனெக்டிங் ராடுகள் அடியிலுள்ள எண்ணெயைத் துழாவியும் தெளித்தும் மசகு பெறுவன. எண்ணெய் மட்டம் குறைந்தாலும், நெடுந்தூரம் விரட்டினாலும் பேரிங்குகள் உருகும். 1954 முதல் ஷெவர்லே வண்டிகளில் அமைந்த 235 கன அங்குல எஞ்சினில் எண்ணெய் அழுத்தத்தோடு பேரிங்குகளுக்குச் செல்வதால், நம் சாலைகளுக்கு அதுவே சிலாக்கியமானது என்பது எமது கருத்து.

எஞ்சினோடு எரிபொருளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, சுந்தரம் ஐயங்கார் கரிவாயு உண்டாக்கும் சாதனத்தைச் செய்வித்தார். விறகுக் கரியை அரைகுறைக் காற்றில் எரித்து, எழும் வாயுவை வடிகட்டி, அதே பெட்ரோல் எஞ்சினில் செலுத்துவது அம்முறை. பலம் மூன்றிலொரு பங்கோ, அதற்கு மேலுமோ குறையும். வண்டி கிளம்பவும் தாமதமாகும். எனினும் நெல்லும் பருத்தியும் சந்தை சேர்ந்தன. அவ்வாயுவில் எரியும் பாகம் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அடைத்த கொட்டகையில் ஆளைக் கொல்லும். பெட்ரோல் எஞ்சினின் புகையிலும் இவ்விஷம் உண்டு. ஆதலால் பழைய வண்டியைக் கொட்டகைக் கதவைத் திறவாமல் ஒருபோதும் ஓடவிடலாகாது. மழைநாளில் கதவைச் சாத்தி எஞ்சினைச் சோதிக்கும் வழக்கத்தை அறவே விடுக.

பெட்ரோல் செலவுக்கு அஞ்சி டீசல் எஞ்சின் பூட்டுவோரும் உளர். டீசல் எஞ்சின் கனமானது. முன் வில்லுகள் தாங்குமா என்று முதலில் பார்க்கவேண்டும். அது மெதுவாய்ச் சுழல்வதால், பின் அச்சின் பல்சக்கர விகிதத்தை மாற்றாவிடின் வண்டியின் வேகம் குறையும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி பதிவு அதிகாரியின் அனுமதியும் வேண்டும். பட்டறைக்கு முன்பணம் கொடுக்குமுன்பே அதனைப் பெற்றுக்கொள்க.