பணக் கணக்கில் தொடங்குங்கள்: அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முறை

ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், சுவார்த்மோர், பொமோனா, போடன். நம் வீடுகளில் ஹார்வர்டு அளவுக்குப் பேசப்படாத பெயர்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2,000 பேர்தான் படிக்கிறார்கள். பட்டப்படிப்பே இவற்றின் பிரதான வேலை என்பதால் பேராசிரியர்களே பாடம் எடுக்கிறார்கள். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் கலைப் பாடங்கள் மட்டுமல்ல; இயற்பியல், கணிதம், கணினி எல்லாம் உண்டு. வில்லியம்ஸில் சில பாடங்களுக்கு இரண்டே மாணவர்கள் பேராசிரியர் முன்னால் உட்காருவார்கள். ஒருவர் கட்டுரை வாசிக்க, மற்றவர் அதைக் குடைந்து கேள்வி கேட்பார். இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கு இடம் கிடைப்பதே அபூர்வம். வெளிநாட்டு மாணவருக்கு வாய்ப்பு இன்னும் குறைவு.

பதினொன்றாம் வகுப்பிலேயே செய்ய வேண்டிய முதல் வேலை, கட்டுரை எழுதுவதல்ல. பணக் கணக்குப் போடுவது. ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டும். இந்தக் கல்லூரிகளில் திறமைக்கான உதவித்தொகை மிக அரிது. குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் பணம் தருவார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டாலே சேர்க்கை வாய்ப்பு குறையும். கேட்பதைக் கணக்கில் எடுக்காமல் தேர்வு செய்பவை மிகச் சில. ஆம்ஹர்ஸ்ட்டும் போடனும் அவற்றில் உண்டு. 'முதலில் உள்ளே போய்விடுவோம், பிறகு கேட்டுக்கொள்வோம்' என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். விண்ணப்பத்தில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு உதவி கிடையாது என்று பல கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன.

அடுத்தது பட்டியல். தரவரிசையை மூடி வைத்துவிட்டு, கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை அது. அதில் சி7 என்ற அட்டவணை, மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், மாணவர் காட்டும் ஆர்வம் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று சொல்லும். எச்6 என்ற பகுதி வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று காட்டும். கன்சல்டன்சிக்காரர் லட்சம் வாங்கிக்கொண்டு சொல்வதில் பாதி இந்த இரண்டு இடங்களில் இலவசமாகவே கிடக்கிறது. எஸ்ஏடி நுழைவுத் தேர்வு கட்டாயமா, எந்த ஆங்கிலத் தேர்வை ஏற்கிறார்கள் என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கல்லூரியின் தளத்திலேயே பாருங்கள்.

மூன்றாவது வேலை பள்ளியில். நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பதிவு, பள்ளியைப் பற்றிய அறிமுகத் தாள், கவுன்சிலர் கடிதம், பொதுவாக இரண்டு ஆசிரியர்களின் கடிதங்கள், எல்லாம் பள்ளியிலிருந்துதான் போக வேண்டும். கவுன்சிலர் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியரே அந்தப் பொறுப்பை ஏற்கலாம். அறிமுகத் தாள் ஒரு பக்கம் போதும்: எந்த போர்டு, வகுப்பில் எத்தனை பேர், எந்தப் பாடங்கள் உண்டு, எவை இல்லை. உங்கள் பள்ளியைக் கேள்விப்படாதவருக்கு உங்கள் 92 சதவீதத்தின் பொருளை அந்தத் தாள்தான் சொல்லும்.

ஆசிரியர் கடிதத்தில் 'ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர்' என்றிருந்தால் அது நன்னடத்தைச் சான்றிதழ், பரிந்துரை அல்ல. கடிதத்தை நீங்களே எழுதி நீட்டவும் கூடாது. வகுப்பில் நீங்கள் கேட்ட கேள்வி, சொதப்பித் திருத்திய செய்முறை, அவரோடு வாதாடிய நாள் என்று நாலைந்து நினைவுகளை ஒரு தாளில் குறித்துக் கொடுத்து, 'சார், இதில் உங்களுக்கு ஞாபகம் இருப்பதை எழுதுங்கள்' என்று கேளுங்கள். கோடை விடுமுறைக்கு முன்பே கேட்பது நல்லது. அக்டோபரில் அவர் விடைத்தாள் கட்டுகளுக்குள் மூழ்கியிருப்பார்.

பெரும்பாலும் 'காமன் ஆப்' என்ற ஒரே தளத்தில்தான் விண்ணப்பிப்பீர்கள். பத்துச் செயல்பாடுகள் வரை குறிப்பிடலாம். ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்துகளுக்குத்தான் இடம். அபாகஸ், கராத்தே சான்றிதழ்களைக் கொட்டி நிரப்பாதீர்கள். மாலையில் அப்பாவின் மளிகைக்கடையில் கணக்கு எழுதுவதும், தம்பியைக் கவனித்துக்கொள்வதும் அந்தப் பட்டியலுக்குரியவையே. குடும்பப் பொறுப்புக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

முக்கியக் கட்டுரைக்கு 650 சொற்கள் உச்சவரம்பு. உலக வறுமையைத் தீர்க்கும் சபதம் வேண்டாம். நீங்கள் விடாமல் யோசித்த ஒரு சின்ன விஷயம் போதும்: ஊர்க் குளத்தில் எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது என்று குறித்து வைத்தது போல. 'ஏன் எங்கள் கல்லூரி?' என்று கேட்டால் வளாகத்தின் அழகைப் புகழ வேண்டாம். ஆம்ஹர்ஸ்ட்டில் முதலாண்டுக் கருத்தரங்கைத் தவிர கட்டாயப் பொதுப் பாடங்கள் இல்லை. சுவார்த்மோரின் ஹானர்ஸ் மாணவர்களுக்கு வெளியிலிருந்து வரும் அறிஞர்கள் தேர்வு வைக்கிறார்கள். இதுபோன்ற ஏற்பாடு உங்களுக்கு எதற்குத் தேவை என்று எழுதுங்கள். யாரிடமும் காசு கொடுத்துத் திருத்தி வாங்காதீர்கள்; பதினேழு வயதின் குரல் அதில் இருக்காது.

'எர்லி டிசிஷன்' விண்ணப்பம் வழக்கமாக நவம்பரில். ஒரே கல்லூரிக்குத்தான், இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும். தரும் உதவி போதாதென்றால் மட்டும் விலகலாம். பல கல்லூரிகளின் தொகையை ஒப்பிட்டு முடிவெடுக்க நினைப்பவர்கள் ஜனவரித் தொடக்கத்து வழக்கமான சுற்றுக்கே போகலாம். உதவி கேட்பவர்கள் பல இடங்களில் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவத்தையும் நிரப்ப வேண்டும். பெற்றோரின் வருமானம், சேமிப்பு, ஊரில் உள்ள பூர்வீக நிலம், எதையும் மறைக்காதீர்கள்.

வழக்கமான சுற்றின் பதில் மார்ச் இறுதிக்குள் வந்துவிடும். வழக்கமாக மே 1க்குள் ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்தைக் கொண்டு எஃப்-1 விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு இறுதி மதிப்பெண்ணும் பள்ளி வழியாகப் போக வேண்டும். சரிவு பெரிதாக இருந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை கல்லூரிக்கு உண்டு. கடிதம் வந்த கையோடு புத்தகத்தை மூடிவிட வேண்டாம்.